கழுத்துக் கயிற்றின் நிறம்

நான் 1983இல் வேலைக்குச் சேர்ந்த அம்பத்தூர் தொழிற்சாலையில் மூன்று நிறச் சட்டைகள் இருந்தன. அதிகாரிகளுக்கு வெள்ளை, சூப்பர்வைசர்களுக்குச் சாம்பல், எங்களுக்கு நீலம். சாப்பாட்டுக் கூடம் இரண்டு. மாடியில் இருந்த டிசைன் ஆபீஸுக்குள் நீலச் சட்டை நுழைய வேண்டுமானால் வாசலிலேயே காரணம் சொல்ல வேண்டும். இப்போது பயிற்சி கொடுக்க நான் போய்வரும் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் ஒரே சட்டை, ஒரே கேன்டீன். தொழிற்சாலைத் தலைவரும் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார். பழைய இடத்தில் யோசிப்பதற்கென்று ஒரு நாற்காலிகூட ஒதுக்கியதில்லை. புதிய இடத்தில் அதற்கென்றே ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. சுவர் முழுக்க எழுதலாம், அழிக்கலாம்.

ஆனால் வேலை செய்யும் முறையில் புதிதாக ஏதாவது தோன்றி, அது நிலைத்தது எந்த இடத்தில் அதிகம் என்று கேட்டால், பழைய தகரக் கொட்டகையில்தான். இளமையில் பார்த்ததெல்லாம் பெரிதாகத் தெரியும் வயதுதான் எனக்கு. ஆகவே வெறும் ஏக்கத்தால் இதைச் சொல்லவில்லை என்பதற்குக் காரணங்களோடு சொல்கிறேன். பழைய இடம் எதனால் கெட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் டூல் ரூமில் பதினோரு பேர். பிரஸ் ஷாப்புக்கு வேண்டிய டைகளைச் செய்வதும், உடைந்து வந்தால் சரிசெய்வதும் வேலை. தகட்டில் துளை போடும் டையில் மேலே பஞ்ச் இருக்கும், கீழே டை இருக்கும். பஞ்ச் இறங்கி வெட்டியதும் வெட்டுப்பட்ட வட்டத் துண்டு டையின் துளை வழியாகக் கீழே விழுந்துவிட வேண்டும். சில சமயம் விழாது. பஞ்சின் முகத்தில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி வந்து தகட்டின் மேல் கிடக்கும். அடுத்த அடி அதன் மேல் விழுந்தால் பொருளில் வடு படும், இல்லையென்றால் பஞ்சின் முனை தெறித்துப்போகும். பிரஸ் வேலை நடக்கும் எல்லா ஊரிலும் உள்ள தலைவலி இது.

ஒரு டை இப்படி எங்களைப் படுத்தி எடுத்தது. மாடியிலிருந்து ஒரு தீர்வு வந்தது: பஞ்சின் நடுவில் துளை போட்டு, உள்ளே ஸ்பிரிங்கோடு ஒரு சிறு ஊசியை வைத்தால் அது துண்டைத் தள்ளிவிடும். பெரிய பஞ்சுக்கு அது நல்ல வழிதான். எங்களுடையது பென்சில் தடிமன்கூட இல்லாத பஞ்ச். துளை போட்டதும் பலம் போய் ஒடிந்துவிட்டது.

எங்கள் ஃபோர்மேனுக்கு ஒரு பழக்கம். உடைந்தது எதுவானாலும் டீ வேளையில் பெஞ்சின் மேல் கொண்டுவந்து வைப்பார். யார் உடைத்தது என்று கேட்க மாட்டார். “பாருங்கப்பா, என்ன தோணுதுன்னு சொல்லுங்க” என்பார். அதுவும் கடைசியாகச் சேர்ந்தவனிடமிருந்து தொடங்குவார். சீனியர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு டையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த ஹெல்பர் பையன் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். பிரஸ் ஷாப்பில் தகட்டுக்கு எண்ணெய் தடவுவது அவன் வேலை. எங்கள் பதினோரு பேரில் அவன் சேர்த்தியில்லை. ஃபோர்மேன் அவனைப் பார்த்தும் கேட்டார்.

“எண்ணெய் ஜாஸ்தி தடவுனாதான் சார் மேல ஏறி வருது. கம்மியா தடவுனா விழுந்துடுது” என்றான்.

நாள் முழுக்க அந்த இடத்திலேயே நிற்பவனுக்குத்தான் அது தெரியும். எண்ணெய்ப் படலம் துண்டைப் பஞ்சோடு ஒட்டவைக்கிறது. அதற்காக எண்ணெயைக் குறைத்தால் பஞ்ச் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று கிரைண்டிங் பார்ப்பவர் சொன்னார். எண்ணெயும் வேண்டும், ஒட்டவும் கூடாது. ஸ்பார்க் மெஷின் ஓட்டிய அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பஞ்சை விட்டுடுங்க சார். துண்டைக் கீழேயே பிடிச்சு வெச்சுக்க வழி இருக்கான்னு பாப்போம்” என்றார். டையின் துளைச் சுவரில் மயிரிழை ஆழத்துக்குச் சாய்வாக இரண்டு கீறல்கள் போட்டார். வெட்டும்போது துண்டின் ஓரத்தில் உண்டாகும் சிறு பிசிறு அந்தக் கீறலுக்குள் புகுந்துகொள்ளும். துண்டு நேராகக் கீழே இறங்க, கீறலோ சாய்ந்து போக, பிசிறு சுவரோடு நெருக்குண்டு இறுகிவிடும். பஞ்ச் மேலே போகும்போது துண்டு கூடப் போகாது. அந்த டை மாதக்கணக்கில் தொல்லையில்லாமல் ஓடியது. பிறகு செய்த டைகளில் எல்லாம் அந்தக் கீறலைப் போட்டோம்.

உலகத்திலேயே நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று சொல்ல வரவில்லை. வேறு தேசங்களிலும் டை செய்பவர்கள் இதே வழிக்கு வந்திருக்கிறார்கள். எங்கள் கொட்டகைக்குள் அது வந்த விதம்தான் எனக்கு முக்கியம். எண்ணெய் பற்றித் தெரிந்தவனுக்கு டை செய்யத் தெரியாது. கீறல் போடத் தெரிந்தவர் பிரஸ் பக்கம் போனதே கிடையாது. இருவரும் ஒரே பெஞ்சின் முன்னால் நின்றதாலும், இருவரையும் ஒருவர் கேட்டதாலும் அது நடந்தது. மாடியில் இருந்தவர்கள் எங்களைவிட அதிகம் படித்தவர்கள். அவர்களுக்கு அறிவுக் குறைவு இல்லை. அந்தப் பையன் சொன்னது காதில் விழும் தூரத்தில் அவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு, மேலாண்மை படிக்கும் என் அண்ணன் மகள் சில ஆய்வுக் கட்டுரைகளை எனக்கு எடுத்துச் சொன்னாள். ஏமி எட்மண்ட்ஸன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும்போது நேரும் தவறுகளை ஆராயப் போயிருக்கிறார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது: நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்ததில், அங்கே தவறுகளை மறைக்காமல் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. 1999இல் அவர் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையும் அதன் தொடர்ச்சிதான். இதைச் சொன்னால் நமக்குக் கேடு வருமோ என்ற பயம் இல்லாத குழுதான் கற்றுக்கொள்கிறது என்பது அதன் சாரம். அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஃபோர்மேன்தான் கண்முன் வந்தார். பத்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர்.

அவள் சொன்ன இன்னோர் ஆய்வு 2009இல் வந்தது. உட்டே ஹ்யூல்ஷேகர் என்பவரும் வேறு இருவரும் முப்பது ஆண்டுகளில் நடந்த 104 ஆய்வுகளைச் சேர்த்து அலசியிருக்கிறார்கள். குழுவில் யார் யார், எத்தனை பேர் என்பதைவிட, குழு எப்படி நடந்துகொள்கிறது என்பதே புதுமையோடு அதிகம் ஒட்டிப்போகிறதாம். எதற்காகச் செய்கிறோம் என்ற தெளிவு, வேலையைச் செவ்வனே செய்ய வேண்டும் என்ற பிடிவாதம், புது முயற்சிக்கு மேலிருந்து ஆதரவு, குழுவுக்கு வெளியே உள்ளவர்களோடு பேச்சு. இந்தக் கடைசியில்தான் எங்கள் டூல் ரூம் பின்னாளில் தோற்றது.

1990களின் நடுவில் தொழிற்சாலைக்கு வயர்கட் மெஷினும் சி.என்.சி.யும் வந்தன. ஓட்டத் தெரிந்த இளம் டிப்ளமாக்காரர்கள் வந்தார்கள். அதற்குள் பழைய பதினோரு பேரும் பத்து வருடத்துக்கு மேல் ஒன்றாக இருந்தாகிவிட்டது. ஒருவர் வாய் திறந்தால் அடுத்தவர் என்ன சொல்வார் என்று முன்கூட்டியே தெரியும். பேச்சுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஃபோர்மேன் ஓய்வு பெற்றிருந்தார். டீ பெஞ்சில் இளைஞர்களுக்கு இடம் இல்லை. யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை, நகர்ந்து இடம் கொடுக்கவும் இல்லை. வயர்கட்டில் வெட்டினால் டையின் இடைவெளியை இன்னும் துல்லியமாக வைக்கலாம் என்று ஒரு பையன் சொன்னபோது, “மெஷினுக்கு என்னப்பா தெரியும், கைக்குத்தான் தெரியும்” என்று பதில் வந்தது. அவன் ஒரு வருடத்துக்குள் போய்விட்டான். எண்ணெய்ப் பையனைப் பேசவைத்த அதே பெஞ்ச்தான் அது.

ரால்ஃப் காட்ஸ் என்பவர் 1982இலேயே இதைச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தின் 50 குழுக்களை ஆராய்ந்தவர் அவர். குழு சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் திறமை ஏறுகிறது. ஐந்து ஆண்டுகள் போல ஆன பிறகு, புது ஆட்கள் வராத குழுவில் அது இறங்குகிறது. ஆட்களுக்கு வயதாவதால் அல்ல. வெளியில் இருப்பவர்களிடம் பேசுவதை அவர்கள் படிப்படியாக நிறுத்திவிடுகிறார்கள். ஒற்றுமை என்று நாம் மெச்சும் குணம் எந்த இடத்தில் கதவடைப்பாக மாறுகிறது என்று யாராவது எங்களுக்கு அப்போது காட்டியிருக்கலாம்.

பழைய காலத்தில் எல்லாத் தொழிற்சாலைகளிலும் எங்கள் ஃபோர்மேன் மாதிரி ஒருவர் இருந்தார் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் இல்லை. அதனால்தான் ஜப்பானிலிருந்து தரவட்டம் வந்தபோது அதற்கு அத்தனை வரவேற்பு. தர நிபுணர் இஷிகாவா 1962இல் அங்கே தொடங்கிய முறை அது. இந்தியாவில் 1980இல் ஹைதராபாத் பி.ஹெச்.இ.எல். தொழிற்சாலையில் முதலில் காலூன்றியது. ஒரே இடத்தில் வேலை செய்யும் சிலர் வாரம் ஒருமுறை கூடி, தங்கள் வேலையில் உள்ள ஒரு சிக்கலைத் தாங்களே எடுத்துத் தீர்ப்பது. எங்களுக்குப் பக்கத்திலேயே பாடியில் சுந்தரம் கிளேட்டன் அந்த வழியில் பல ஆண்டுகள் உழைத்து, தரத்துக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை 1998இல் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க அன்று அதுதான் பேச்சு. தொழிலாளியை யோசிக்கவிடுவது தானதர்மம் இல்லை, தொழிலுக்கே அதுதான் ஆதாரம் என்று முதலாளிகள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட நேரம் அது. பிறகு பல இடங்களில் தரவட்டம் போட்டிக்காக மேடையேறும் நிகழ்ச்சியாகச் சுருங்கிப்போனது வருத்தமான கதை. சிக்கலைத் தீர்த்துவிட்டு, அதற்கேற்ற படிகளைப் பின்னால் எழுதிச் சேர்க்கிறார்கள்.

இன்றைய காலத்தில் நல்ல குழுவே இல்லை என்று சொன்னால் வில்லிவாக்கத்தில் இருக்கும் என்னை ஊரே கேள்வி கேட்கும். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஐ.சி.எஃப். இருக்கிறது. 1955இல் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு தொடங்கி, அந்த வடிவத்தை ஒட்டியே அறுபது ஆண்டுகளுக்கு மேல் ரயில் பெட்டி செய்த தொழிற்சாலை. 2018இல் அங்கிருந்து ட்ரெயின் 18 வந்தது. பதினாறு பெட்டிகள், தனி என்ஜின் கிடையாது, இழுக்கும் மோட்டார்களும் மின்கருவிகளும் பெட்டிகளின் தரைக்குக் கீழே. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ஆகும் செலவையும் காலத்தையும் பார்த்தால், ஏறக்குறைய நூறு கோடி ரூபாயில், ஒன்றரை ஆண்டுக்குள் அதைச் செய்து முடித்தது பெரிய காரியம். சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொட்டது. அப்போது பொது மேலாளராக இருந்தவர் சுதான்ஷு மணி. டிசைன் செய்பவரும் பட்டறைக்காரரும் பொருள் வாங்கும் பிரிவும் கணக்குப் பிரிவும் தனித்தனிக் கோட்டைகளாக இருப்பதுதான் அரசு நிறுவனங்களின் வழக்கம். அத்தனை பேரும் ஒரே வண்டிக்காக ஒரே காலக்கெடுவில் ஓடாமல் அந்த ரயில் வந்திருக்க முடியாது. வேலை தெரிந்த எவரும் வண்டியைப் பார்த்தாலே அதைச் சொல்லிவிடலாம்.

அது 2019 பிப்ரவரியில் வந்தே பாரத் என்ற பெயரில் டெல்லிக்கும் வாராணசிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. இரண்டாவது வண்டி அதே ஆண்டு அக்டோபரில். மூன்றாவது வருவதற்கு 2022 செப்டம்பர் ஆகிவிட்டது. இடையில் டெண்டர் விசாரணைகளும் இடமாற்றங்களும் செய்திகளில் வந்தன. கொரோனாவும் குறுக்கே வந்தது. ஒன்றை முதன்முதலாகச் செய்து முடித்த குழுவுக்கு இரண்டாவதை எப்படிச் செய்வது என்று தெரியும். அந்த அறிவு வரைபடத்தில் பாதிதான் இருக்கும். மீதி ஆட்களிடம் இருக்கிறது. ஆட்கள் கலைந்தால் அதுவும் கலைகிறது.

ஒரகடத்துக்கு வருகிறேன்.

அங்கே பிரஸ் லைனில் நிற்பவர்களில் பாதிப் பேர் இளம்பெண்கள். எங்கள் காலத்தில் டூல் ரூமில் ஒரு பெண்கூட இருந்ததில்லை. அப்படி ஒருவர் வரலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. பாதி ஊரின் அறிவை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் நாங்கள் எங்கள் பெஞ்சைப் பற்றிப் பெருமைப்பட்டோம். இன்று ஓர் இளம் பொறியாளர் தன் மேலதிகாரியிடம் “சார், இது ஒத்து வராது” என்று நிமிர்ந்து நின்று சொல்கிறார். 1983இல் அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் முதுகைப் பாதி வளைக்க வேண்டும். இவையெல்லாம் உண்மையான முன்னேற்றம். ஒரே சட்டையும் ஒரே சாப்பாடும் முன்னேற்றம்தான்.

ஆனால் அந்த ஒரே சட்டையின் மேல் அடையாள அட்டை தொங்குகிறது. நிரந்தர ஊழியருக்கு நீலக் கயிறு, ஒப்பந்தத் தொழிலாளிக்கு மஞ்சள், பயிற்சிக்கு வந்தவருக்குப் பச்சை. சமீபம் வரை காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடக் கூட்டம் நடந்தது. அதில் நீலக் கயிறுகள் வட்டமாக நின்றன. மஞ்சளும் பச்சையும் அதற்குள் மெஷினுக்குப் போயாக வேண்டியிருந்தது. யோசனை சொல்வதற்கு மொபைல் செயலி உண்டு. நிரந்தர ஊழியரின் எண் போட்டால்தான் அது திறக்கும். ஒவ்வொருவரும் மாதம் இரண்டு யோசனை தந்தே ஆக வேண்டும் என்று இலக்கு. மாதக் கடைசியில் யோசனைகள் மழையாக வருகின்றன: இந்தக் கோட்டுக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கலாம், அந்த அலமாரியை இடம் மாற்றலாம். அவை கண்ணாடி அறையில் வண்ணத் தாள்களாக ஒட்டப்படுகின்றன. தகட்டுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவர்களோ அந்த அறைக்குள் காலே வைத்ததில்லை.

இது ஒரு தொழிற்சாலையின் கதை மட்டும் இல்லை. மத்திய அரசு ஆண்டுதோறும் எடுக்கும் தொழிற்சாலைக் கணக்கெடுப்பைப் பார்த்தால், 2000ஆம் ஆண்டு வாக்கில் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவர் ஒப்பந்தத்தில் இருந்தார். இப்போது ஐந்தில் இருவர். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்வருபவர்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்படாது. ஷிஃப்ட் விடும் நேரத்தில் பஸ்ஸில் ஏறுபவர்களின் கழுத்தைப் பார்த்தாலே போதும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார். எங்கள் பழைய குழு ஒரேயடியாகச் சேர்ந்திருந்து கெட்டது. இந்தக் குழு சேரவே விடப்படாமல் கெடுகிறது. எண்ணெய்க்கும் துண்டுக்கும் உள்ள உறவை ஒருவர் கவனித்துக் கண்டுபிடிக்கச் சில மாதங்களாவது அங்கே நிற்க வேண்டும். கண்டுபிடித்ததை வாய்விட்டுச் சொல்ல, நாளைக்கும் நாம் இங்கே இருப்போம் என்ற நம்பிக்கையாவது வேண்டும். அடுத்த மாதம் வேறு கேட்டில் நிற்கப்போகிறவர் எதற்காகச் சொல்வார்?

சென்ற முறை நான் போயிருந்தபோது அங்கே டை ஒன்றில் அடிக்கடி பிசிறு வந்துகொண்டிருந்தது. பொறியாளர்கள் மூன்று பேர் கணினித் திரையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு பஞ்சின் உலோகத்தை மாற்றுவதா என்று விவாதித்தார்கள். நான் லைனில் நின்ற பெண்ணிடம் போய்க் கேட்டேன். மஞ்சள் கயிறு, விழுப்புரம் பக்கத்து ஊர். முதலில் அவள் என் அட்டையைப் பார்த்தாள், பிறகு சூப்பர்வைசர் எங்கே இருக்கிறார் என்று பார்த்தாள். நான் இந்தக் கம்பெனி ஆள் இல்லை என்று சொன்ன பிறகுதான் வாய் திறந்தாள். “தகடு சுருள் மாத்துற அன்னிக்கு மட்டும்தான் ஐயா பிசிறு வருது. புதுச் சுருள் கொஞ்சம் கெட்டியா இருக்கு, கைக்கே தெரியுது.” போய் அளந்தோம். வேறொரு இடத்திலிருந்து வந்த சுருள்களின் தடிமன் வரம்பின் மேல் விளிம்பில் இருந்தது. டையின் இடைவெளி மெல்லிய தகட்டுக்காக வைத்தது. தகடு தடித்தால் இடைவெளி போதாமல் வெட்டு மோசமாகிறது, பஞ்சின் முனையும் வேகமாக மழுங்குகிறது. உலோகத்தை மாற்றுவதற்கு அங்கே வேலையே இல்லை.

அன்று மாலை தொழிற்சாலைத் தலைவரோடு உட்கார்ந்தேன். நல்ல மனிதர், கேட்கும் காது உள்ளவர். அவரிடம் இரண்டு கோரிக்கைகள் வைத்தேன். காலைக் கூட்டத்தில் எல்லா நிறக் கயிறும் நிற்க வேண்டும். பேச்சு கடைசியாகச் சேர்ந்தவரிடமிருந்து தொடங்க வேண்டும். இது ஒன்று. பிரஸ் லைனிலும் டூல் ரூமிலும் இருப்பவர்களை, ஒப்பந்தத்தில் உள்ளவர்களையும் சேர்த்து, குறைந்தது மூன்று வருடம் கலைக்கக் கூடாது. அதன் பிறகு ஆண்டுக்கு ஓரிருவரை வெளியிலிருந்து கொண்டுவந்து கலக்க வேண்டும். இது இரண்டாவது. முதலாவதை அடுத்த திங்கட்கிழமையே தொடங்கிவிட்டார். கூட்டம் பத்து நிமிடத்திலிருந்து பதினைந்து நிமிடமாகிறது என்று உற்பத்திப் பிரிவு முணுமுணுத்ததையும் மீறித் தொடர்கிறார்.

இரண்டாவதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது என் கையில இல்ல சார். ஒப்பந்தம் எத்தனை மாசம்னு ஹெட் ஆபீஸ்ல முடிவு பண்றாங்க” என்றார். அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அந்த விழுப்புரத்துப் பெண்ணின் ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஒரு பதிலை வாங்கிவிட வேண்டும் என்று அலைந்துகொண்டிருக்கிறேன்.